அண்ணனோடு தள்ளிய மாதா வண்டி

எங்கள் அப்பா செய்த மாதா வண்டிக்குப் பின்பக்கம் ஒரே ஒரு கைப்பிடிதான். மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கி, மேலே பலகை அடித்து, நான்கு மூலையிலும் கம்பம் நட்டு, நீலத் துணியில் கூரை போட்டு, நடுவில் மாதா சுரூபத்தை வைத்திருந்தார். தள்ளுவதற்குக் குறுக்கே ஓர் இரும்புக் குழாய். இரண்டு பேர் நின்று தள்ளலாம். ஆனால் முழங்கையோடு முழங்கை இடிக்கும். அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் வருடாவருடம் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அது இடைஞ்சலாக இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். ஆடி மாதத்தில் அறுபது எழுபது பேர் சேர்ந்து தூத்துக்குடி கடற்கரையில் இருக்கும் மாதா கோவிலுக்கு நடந்து போவோம். ஒன்பது நாள் நடை. முன்னால் கொடி, அதன் பின்னால் எங்கள் வண்டி, வண்டிக்குப் பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு ஜனங்கள், கடைசியில் சமையல் சாமான் ஏற்றிய வேன்.

அம்மா முதலில் இறந்துபோனார்கள். இரண்டு வருடம் கழித்து அப்பாவும் போனார். அதற்கு அடுத்த வருடம் நான் என் அண்ணன் மேல் வழக்குப் போட்டேன்.

வழக்கு திராட்சைத் தோட்டத்தைப் பற்றியது. அப்பா எதுவும் எழுதி வைக்கவில்லை. தோட்டத்தை அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் பட்டா மாற்றத்துக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று என்னைப் பத்திர ஆபீசுக்குக் கூப்பிட்டான். நான் சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நீட்டிய தாளைப் படித்துப் பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது. என் பங்கை நான் மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. பேனாவை மேசை மேல் வைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். படிக்க வைத்தாயிற்று, நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன பங்கு என்று அண்ணன் ஊரெல்லாம் கேட்டான். சட்டப்படி பாதி என்னுடையது என்று நான் கோர்ட்டில் கேட்டேன். மூன்று வருடமாக வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருடங்களில் மாதா வண்டி கோவில் கொட்டகையில் தூசி படிந்து நின்றது. நடைப்பயணக் குழுவுக்குத் தலைவர் எங்களுக்குச் சித்தப்பா முறை. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது வருடம் பயணத்துக்கு முன்னால் கூடிய கூட்டத்தில், இந்தத் தடவை வண்டியைத் தானே தள்ளிப் போவதாக அண்ணன் சொன்னான். எங்கள் ஊரில் யார் வண்டியைத் தள்ளுகிறார்களோ அவர்கள்தான் அந்த வீட்டு வாரிசு என்று பேச்சாகிவிடும். நான் எழுந்து, அது எனக்கும் அப்பா வண்டிதான், நானும் வருவேன் என்றேன். ஆளாளுக்கு ஏதேதோ சொன்னார்கள். சித்தப்பா எல்லாரையும் அமர்த்திவிட்டு முடிவாகச் சொன்னார்.

"ரெண்டு பேரும் சேந்து தள்ளுறதுன்னா வண்டி வரட்டும். ஒராளு விலகுனாலும் திரும்பக் கொட்டகைக்குத்தேன். மாதாவ வச்சு நீங்க பங்கு பிரிக்க வேணாம்."

அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சரி என்று தலையாட்டினோம். அவன் விட்டுவிடுவான் என்று நான் நினைத்தேன். நான் விட்டுவிடுவேன் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் என் வக்கீலிடம் போனில் கேட்டேன். போங்கள், ஆனால் எதிர்த்தரப்போடு பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம், வாய்தவறி வரும் ஒரு வார்த்தை போதும் என்றார். அண்ணனுடைய வக்கீலும் அதையே சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

முதல் நாள் காலையில் பூசை முடிந்து குழாயில் கை வைத்தோம். அவன் வலது பக்கம், நான் இடது பக்கம். எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். நாங்கள் கிழக்கே போகிறோம். காற்று துணிக்கூரையில் நிறைந்து வண்டியைத் தானாகத் தள்ளிக்கொண்டு போயிற்று. தேனி வரைக்கும் நாங்கள் தள்ளவே இல்லை, இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் போனோம். எங்கள் இரண்டு பேர் உடம்பும் ஒரே மாதிரி பின்னால் சாய்ந்திருந்தது. பார்த்தவர்களுக்கு அது ஒற்றுமையாகக்கூடத் தெரிந்திருக்கும்.

பேசாமல் ஒரு வண்டியை இரண்டு பேர் தள்ள முடியாது. பள்ளம் வரும், லாரி வரும், சக்கரத்தில் காற்று இறங்கும். அதனால் நாங்கள் சித்தப்பாவிடம் சொல்லப் பழகினோம். "சித்தப்பா, இடது பக்கம் கல்லு கெடக்குனு சொல்லுங்க." அவர் முன்னால் கொடியோடு போய்க்கொண்டிருப்பார். திரும்பிப் பார்ப்பதற்குள் கல்லைத் தாண்டியிருப்போம். ஆண்டிபட்டி ஏற்றத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. என்னிடம் சொல்லாதீர்கள், மாதாவிடம் சொல்லுங்கள் என்றார். அதன் பிறகு மாதாவைப் பார்த்தே சொன்னோம்.

நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாது என்பது உசிலம்பட்டி தாண்டும்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்து செருப்பில் ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் நின்றது. ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். ஆனால் ஏறினால் வண்டி வேனில் ஏற்றப்பட்டுத் திரும்பிவிடும், அது என்னால் திரும்பியதாகும். ஊர் சொல்லும், கோர்ட்டில் அவன் வக்கீலும் எப்படியாவது சொல்லுவார். முன்னால் ஜெபம், பின்னால் ஜெபம், பக்கத்தில் அவன். ஒதுங்கப் போய் வருவதற்குக்கூட நான் ஓடினேன். அவன் காத்துக்கொண்டுதான் நின்றான், சாலையின் மறுபக்கத்தைப் பார்த்தபடி. என் மேல் உள்ள பிரியத்தில் அல்ல. நான் இல்லாமல் அவனாலும் ஓர் அடி நகர முடியாது.

திருமங்கலத்துக்குப் பிறகு வேகாத வெயில். கரிசல் காடு, மரமே இல்லை. அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு என்பது எனக்குத் தெரியும். மாத்திரைப் பையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். எல்லாரும் செருப்பைப் போட்டும் கழற்றியும் நடக்க, அவன் மட்டும் சாக்ஸும் கேன்வாஸ் ஷூவும் போட்டிருந்தான். மதினி சொல்லி அனுப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் காலையில் பந்தல்குடியில் ஒரு மண்டபத்தில் இருந்தோம். நான் முகம் கழுவக் குழாயடிக்குப் போனேன். அண்ணன் அங்கே என்னைக் கவனிக்காமல் ஒரு பக்கமாகத் திரும்பிக் குத்துக்கல்லில் உட்கார்ந்து வலது கால் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். சாக்ஸ் விரலோடு ஒட்டியிருந்தது. அவன் பிய்த்து எடுத்தான். சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்து, நடுவில் சீழ் வைத்திருந்தது. அந்த நாற்றம் நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது. அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. அப்படிப் பிய்க்கும்போது அவன் முகத்தைச் சுளிக்கவே இல்லை. அவனுக்கு வலிக்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவி, வேறு சாக்ஸை மாட்டி, ஷூவைப் போட்டுக்கொண்டான்.

நான் சத்தம் காட்டாமல் மண்டபத்துக்குள் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று முழுவதும் நான் நினைத்துக்கொண்டு வந்ததை இங்கே எழுதுவதற்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். சித்தப்பாவிடம் சொன்னால் உடனே அவனை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். வண்டி கொட்டகைக்குத் திரும்பும். சொன்னது நான் என்று தெரியும். அண்ணன் காலைக் காரணம் காட்டி விரட்டிவிட்டாள் என்று பேச்சு வரும். ஒருவேளை அவன் இல்லாமல் நான் மட்டும் தள்ளலாம் என்று சித்தப்பா இரக்கப்பட்டுவிட்டால் இன்னும் மோசம். இன்னும் இரண்டு நாள்தானே, அவன் காலைப் பற்றி அவனுக்குத் தெரியாதா, எனக்கு என்ன வந்தது என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கால் விரல் கறுத்திருக்கிறது என்று பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்ல நான்கு வார்த்தை போதும். எட்டயபுரம் வரைக்கும் அந்த நான்கு வார்த்தையையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தேன். உதடு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் மத்தியானம் அவன் முழங்கை என் முழங்கையில் பட்டது. கொதித்தது. வெயிலில் நடக்கிறவன் உடம்புச் சூடு அல்ல அது, காய்ச்சல். நான் என் கையைக் குழாயின் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுப் பந்தியில் சித்தப்பா அவனைப் பார்த்துவிட்டு என்னப்பா ஒரு மாதிரி இருக்க என்று கேட்டார். வெயில், வேறொன்றும் இல்லை என்றான் அண்ணன். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்தேன்.

ஒன்பதாம் நாள் விடிந்து தூத்துக்குடிக்குள் நுழைந்தோம். ஊர் நெருங்குகிறது என்பது காற்றில் தெரிந்தது. உப்பு வாடை, டீசல், காய்ந்த மீன். நான்குவழிச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குத் திரும்பின. ஒவ்வொன்றும் கடக்கும்போது துணிக்கூரை விசிறி அடிக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அண்ணன் பக்கம் பிடிப்பே இல்லை. எல்லா பாரமும் என் மணிக்கட்டில் வந்து விழுந்தது. மற்றவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மரியே வாழ்க என்று சத்தம் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார்கள். மூன்று திசையிலிருந்தும் மற்ற ஊர்க் கூட்டங்கள் வந்து சேர்ந்தன. எங்களுக்கு முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. ஓரமாக ஒதுங்கலாம் என்றால் ஒரு பக்கம் தடுப்புக் கம்பி, இன்னொரு பக்கம் டவுன் பஸ்.

ஊருக்குள் ரயில்வே கேட்டில் போய் நின்றோம். கேட் போட்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் நெருக்கி வந்து நின்றார்கள். உப்பு மூட்டை லாரி ஒன்று என் இடுப்பை உரசிக்கொண்டு நின்றது. அந்த இஞ்சின் சூடும் அண்ணன் உடம்புச் சூடும் இரண்டு பக்கமும். மூச்சு விட்டால் புகை. கை அசைக்க இடமில்லை. அப்போது குழாய் அவன் பக்கம் கீழே இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் கண் மேலே சொருகிக்கொண்டிருந்தது. விழுவதற்குக்கூட அங்கே இடம் இல்லாததால்தான் அவன் நின்றுகொண்டிருந்தான்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவனிடம் பேசினேன்.

"அண்ணே, வண்டில உக்காரு."

அவன் மாட்டேன் என்று தலையசைத்தான். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது.

"நான் உக்காந்தா நீ மட்டும் தள்ளிட்டுப் போவ. அதுக்குத்தேன இம்புட்டுத் தூரம் வந்த."

"ஆமா, அதுக்குத்தேன் வந்தேன். உக்காரு."

அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மாதாவின் காலடிப் பலகையில் உட்கார வைத்தேன். பின்னால் நின்ற பெண்கள் அய்யோ மாதா வண்டியிலா என்றார்கள். குனிய இடமில்லை. லாரிச் சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் மண்டியிட்டு அவன் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸுக்குள்ளிருந்து வந்ததைப் பார்த்து அந்தப் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நான் என் முந்தானையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். ரயில் போய் முடிந்தது. கேட் தூக்கியதும் பின்னால் இருந்த எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

அவனையும் மாதாவையும் சேர்த்து நான் தள்ளினேன். வண்டி கனத்தது. தண்டவாளத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த சித்தப்பா கொடியை யாரிடமோ கொடுத்துவிட்டு அண்ணன் விட்டுவிட்ட இடத்தில் கை வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றாலும் கூட்டத்தோடு போனால்தான் உண்டு, குறுக்கே திரும்ப வழியில்லை. எல்லாரும் கோவிலுக்குப் போனார்கள், அதனால் நாங்களும் போனோம். வழியெல்லாம் ஜனங்கள் அண்ணனைப் பார்த்தார்கள். சிலர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அவன் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான். இறங்கவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் அவன் போன அந்தக் கோலத்தில் அவன் மேல் எனக்கு முதல் தடவையாகப் பரிதாபம் வந்தது. அது வந்ததும் என் மேல் வெறுப்பும் வந்தது.

கோவில் கோபுரம் தெரிந்த இடத்தில் ஓர் ஆட்டோ கிடைத்தது. வண்டியை எங்கள் ஊர்க்காரர்களிடம் விட்டுவிட்டு நானும் சித்தப்பாவும் அவனைத் தூக்கி ஏற்றினோம். ஒன்பது நாள் நடந்த நான் கோவிலுக்குள் போகவில்லை. மணிச்சத்தத்தை மட்டும் ஆட்டோவுக்குள் இருந்து கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா காலைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். அண்ணன் கண்ணை மூடிக் கிடந்தான். சித்தப்பா என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குக் காலைலதான் பார்த்தோம் டாக்டர்," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். இரண்டு விரலை எடுக்க வேண்டியிருக்கும், தாமதித்தால் பாதத்துக்குப் போய்விடும் என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினார். நான் முதலிலேயே சொல்லியிருந்தால் விரல் தங்கியிருக்குமா என்று அவரிடம் கேட்கவில்லை. இன்று வரை யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மதினி வந்தாள். ராத்திரி முழுக்க நான் கூட இருந்து பார்த்துக்கொண்டதாகவும் மலம் மூத்திரம் எடுத்ததாகவும் சித்தப்பா அவளிடம் சொல்லியிருந்தார். மூன்று வருடம் கோர்ட்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பியவள், வார்டில் எல்லாரும் பார்க்க என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீங்க இல்லேன்னா என் தாலி இருந்திருக்காது என்று அழுதாள். என் கையை உருவ முயன்றேன். அவள் விடவில்லை.

நாங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே கதை வந்து சேர்ந்துவிட்டது. வழக்குப் போட்ட தங்கச்சிதான் அண்ணனை மாதா வண்டியில் வைத்துத் தள்ளிக் காப்பாற்றினாள். மாதா இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்கள் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பேரைச் சொல்லாமல் சாமியார் இதைச் சொன்னார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் கம்பு ஊன்றிக்கொண்டு சின்னமனூர் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். காபி குடித்தான். என் வீட்டுக்காரரிடம் மழையைப் பற்றிப் பேசினான். கிளம்பும்போதுதான் சொன்னான்.

"வக்கீல்ட்ட பேசிட்டேன். சமரசம்னு எழுதிக் குடுத்துருவோம். பாதி ஒனக்கு. எனக்காக அம்புட்டுத் தூரம் தள்ளுனவகிட்ட நான் என்னத்த வழக்காடுறது?"

அது எனக்கு உரிமையான பாதி. மூன்று வருடம் அதைத்தான் கேட்டேன். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் ஏன் என்று கேட்பான். நான் அழுதேன். அவனும் என் வீட்டுக்காரரும் அதைச் சந்தோஷ அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். உத்தமபாளையம் கோர்ட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். என் பாதியையும் இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அறுவடைக்கு அறுவடை மதினி ஒரு கூடை திராட்சை அனுப்புகிறாள். என் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

ஒரு தடவை சொல்லிவிட முயன்றேன். போன தை மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பந்தலுக்குக் கீழே நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அன்னைக்குப் பந்தல்குடில நீ குழாயடில உக்காந்திருந்தப்ப..." என்று ஆரம்பித்தேன்.

அவன் காதில் கை வைத்து என்ன என்றான். பிறகு இரு வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு மோட்டாரை நிறுத்தப் போனான். வலது காலை முழுதாக ஊன்ற முடியாமல், குதிகாலை அழுத்தி அழுத்தி வரப்பில் நடந்து போனான். போய்விட்டு வர அவனுக்கு நெடுநேரம் பிடித்தது. நான் பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மோட்டார் சத்தம் நின்றது. அவன் திரும்பி வந்து, மேற்கு ஓரத்து நாலு வரிசைக்குத் தண்ணீர் சரியாக ஏறவில்லை, நீயும் ஒரு தடவை வந்து பார் என்றான்.

நான் அவன் பின்னால் போய்ப் பார்த்தேன்.